கயிறு இழுத்தவர்களுக்குக் கைதட்டு

டீக்காரர் ஓய்வு பெற்றுப் போன அன்று, அந்த இருமல் மருந்துத் தொழிற்சாலையின் இரண்டாம் லைனில் ஒரு கண்ணும் கலங்கவில்லை. கலங்கியிருந்தால்தான் அதிசயம். பேர்தான் டீக்காரர், ஆள் மேனேஜர். மூக்குக்கு மேல் கோபம், வாயைத் திறந்தால் வசவு. லீவு கேட்டுப் போனால் "செத்தது யாரு?" என்பார். யாரும் சாகவில்லை என்றால் "அப்ப போய் வேலையப் பாரு" என்பார். அவரைக் கரித்துக் கொட்டாத வாய் அந்தக் கட்டடத்தில் இல்லை. பெரியக்காவும் தன் பங்குக்கு நிறையவே கொட்டியிருக்கிறாள்.

பெரியக்கா அந்த லைனின் சூப்பர்வைசர். எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அப்படிப் பேர் நிலைத்துவிட்டது. டீக்காரருக்குப் பேர் வந்த கதை வேறு. அது கயிற்றினால் வந்தது.

லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, கை எட்டும் உயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு ஓடுகிறது. யார் இழுத்தாலும், பாட்டில்கள் நகர்ந்து வரும் பெல்ட் நின்றுவிடும். மருந்து நிரப்பும் குழாய் பாட்டிலின் வாய்க்குள் இறங்கும்போது எப்போதாவது ஒரு பாட்டில் பட்டென்று உடையும். உடைந்ததை மட்டும் எடுத்து எறிந்தால் போதாது. சில்லு தெறிக்கும், முன்னால் போகிற பாட்டிலும் பின்னால் வருகிற பாட்டிலும் மூடி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதனால் கயிற்றை இழுத்து நிறுத்தி, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று பாட்டில்களைக் குப்பையில் போட்டு, பெல்ட்டைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். பாட்டில் பழுப்பு நிறம், மருந்து கருஞ்சிவப்பு. மூடி போட்ட பிறகு விளக்கின் முன் தூக்கிப் பிடித்தால் உள்ளே யானையே இருந்தாலும் தெரியாது. அதைக் குடிக்கப் போவதோ குழந்தைகள்.

டீக்காரர் காலத்தில் கயிறு இழுபட்டால் மனிதர் தடதடவென்று ஓடி வருவார். "எவ அது இழுத்தது?" என்று ஒரு கத்தல். உடைந்த இடத்தைக் குனிந்து பார்ப்பார். ஆறுக்கு ஆறு தன் கையாலேயே எடுத்துக் குப்பையில் போடுவார். பெல்ட் ஓடத் தொடங்கியதும் கேன்டீனுக்குப் போய் ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து, இழுத்தவள் கையில் திணித்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். நல்ல வார்த்தை ஒன்று வராது. டீயும் பல நாள் ஆறித்தான் இருக்கும். ஆனால் அவர் இருந்தவரை ஒரு பாட்டில் உடைந்தால் அடுத்த நொடி கயிறு இழுபட்டது. அதைப் பற்றி அப்போது யாரும் யோசித்ததுகூட இல்லை.

அவர் போவதற்குச் சில வாரம் முன்புதான் பெரியக்கா தன் தங்கையை வேலைக்குச் சேர்த்துவிட்டாள். தங்கை வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள், அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். முதல் நாள் பஸ்ஸில் அக்கா அவளுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான்.

"ஏதாவது தப்பாத் தெரிஞ்சா யோசிக்காத, கயித்த இழு. திட்டுவாரு. அப்புறம் டீ கொடுப்பாரு."

தங்கை அப்படியே செய்தாள். வசவும் வாங்கினாள், டீயும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து அந்த ஆளைப் போலவே நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

புது மேனேஜர் வந்த முதல் நாளே எல்லோரையும் மயக்கிவிட்டார். துடைக்கிற அம்மாவைக்கூட "நீங்க, வாங்க" என்றார். யாருக்கு எத்தனை பிள்ளைகள், எது எந்த வகுப்பு என்று கேட்டார், கேட்டதை மறக்கவும் இல்லை. பிறந்தநாள் வந்தால் கேக் வரும். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. "சாமி, இப்பத்தான் மூச்சு விடுறோம்" என்று லைனே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பெரியக்கா லீவு கேட்டுப் போனபோது அவர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அவள் அந்த நாற்காலியைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் பேசினாள்.

அவர் வந்த பின் முதல் முறை கயிற்றை இழுத்தவள் மூடி திருகுகிற பெண். பெல்ட் நின்றது. அவர் ஓடி வரவில்லை, சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்.

"பயப்படாதீங்க. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். "நம்ம எல்லாருக்கும் கொஞ்ச நேரம் ஓய்வு வாங்கிக் கொடுத்திருக்காங்க. ஒரு கைதட்டு கொடுக்க வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தபடி தட்டினார்கள். மூடி திருகுகிற பெண்ணும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆனால் அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. அந்தப் பெண் பாட்டில்களை எடுத்துப் போடும் வரை, பெல்ட்டைத் துடைக்கும் வரை, மறுபடி லைன் ஓடும் வரை, முகத்தில் அதே சிரிப்போடு தட்டிக்கொண்டே நின்றார். மேனேஜர் தட்டும்போது மற்றவர்கள் எப்படி நிறுத்துவது? தட்டினார்கள். கை சிவந்தது. பெல்ட் துடைத்துக்கொண்டிருந்தவளின் சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது. துடைத்த இடத்தையே அவள் மறுபடி மறுபடி துடைத்ததைப் பெரியக்கா பார்த்தாள்.

அவ்வளவுதான். அவர் செய்தது அது ஒன்றுதான். மீதியை இவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை கயிறு இழுபட்டபோது அவர் வருவதற்கு முன்பே கைதட்டு தொடங்கிவிட்டது. கழிவறைக்குப் போய் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தவளுக்கும் தட்டினார்கள். கேன்டீனில் ஒருத்தி தட்டைக் கீழே போட்டாள், அதற்கும் தட்டினார்கள். கேட்டில் நிற்கிற காவலாளிகூடத் தாமதமாக வருகிறவர்களைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தார். இது எதற்கும் மேனேஜர் பக்கத்தில் இல்லை, அவர் இருக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் வீட்டில் பெரியக்காவின் கணவர் கைதவறி மூடியைக் கீழே போட்டார். ஐந்து வயது மகள் ஓடி வந்து அவர் முன்னால் நின்று கைதட்டினாள். "இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சு இவளுக்கு?" என்று அவர் கேட்டார். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவருக்கு முதுகுக்குப் பின்னால் கைதட்டி என்று பேர் வைத்துக்கொண்டதுதான் இவர்களால் முடிந்த வீரம்.

கயிறு இழுபடுவது குறைந்தது. பாட்டில் உடைவது குறையவில்லை, அது மேனேஜரைப் பார்த்தா உடைகிறது? ஓடுகிற பெல்ட்டிலிருந்தே உடைந்ததைச் சட்டென்று எடுத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று சேர்த்து உருவிவிடுகிற வித்தையைப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தி செய்தாள், அடுத்தவள் பார்த்தாள். ஆறு எப்போது ஒன்று ஆனது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

தங்கை மட்டும் இழுத்தாள். அவளுக்கு அந்த முதல் டீயின் ருசி நாக்கிலேயே இருந்ததோ என்னவோ. அந்த மாதத்தில் மூன்று முறை இழுத்தாள், மூன்று முறையும் கைதட்டு வாங்கினாள். மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் கேன்டீனில் உட்காரப் போனபோது முதல் லைன் பெண்கள் தட்டினார்கள். அவர்களுக்கு இவள் யாரென்றுகூடத் தெரியாது.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து தங்கை அக்காவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வீட்டுத் தெரு திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யாரு தட்டினாலும் பரவாயில்லக்கா. நீயும் தட்டினியே."

"அடியே, எல்லாரும் தட்டுறப்ப சூப்பர்வைசர் மட்டும் கையக் கட்டிட்டு நின்னா எப்படிடி? அந்தாளு என்னையே பார்த்துட்டு நிக்கிறாரு."

"நான் அவர பாக்கல. உன்னதான் பார்த்தேன்."

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்பே மேனேஜர் அறைக் கதவைத் தட்டிவிட்டாள்.

அவர் எழுந்து நின்றார், நாற்காலியைக் காட்டினார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. நடிப்பு என்று சொல்ல முடியாது. உண்மையாகவே வாடியது.

"ஐயையோ, மனசு கஷ்டப்பட்டுட்டாங்களா? நான் விளையாட்டாத்தானே செஞ்சேன்."

"விளையாட்டுதாங்க சார். ஆனா இப்ப யாரும் கயித்த இழுக்க மாட்டேங்கிறாங்க."

"ஏன்? இழுக்கக் கூடாதுன்னு நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?"

சொல்லவில்லை. அவள் எவ்வளவு தேடியும் அப்படி ஒரு வார்த்தை அகப்படவில்லை. அவர் யாரையும் திட்டியதில்லை, யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை, சம்பளத்தைப் பிடித்ததில்லை. எதைக் காட்டி இதுதான் காயம் என்பது? "இல்லைங்க சார்" என்றாள்.

"நீங்க கவலைப்படாதீங்க. இன்னைக்கே சரி பண்ணிடறேன்" என்றார் அவர்.

சரி பண்ணினார். எல்லோரையும் கூட்டிவைத்து, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "நம்ம பெரியக்கா வந்து சொன்னாங்க, அவங்க தங்கச்சி மனசு புண்பட்டுப் போச்சாம். தப்பு என்னோடதுதான். இனிமே யாரும் கைதட்டக் கூடாது. சரியா?"

தங்கை நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப்போனாள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள், பெரியக்காவும் கூடவே போயிருப்பாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பாட்டில் உடைந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விவரம் தெரியாமல் கயிற்றை இழுத்துவிட்டாள். மேனேஜர் வந்து லைன் முனையில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அப்போது யாரோ ஒருத்தி இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கி, தட்டப்போவது போலக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று தொடாமல் நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டு அதையே செய்தாள். பிறகு எல்லோரும். சத்தமே இல்லை. லைன் முழுக்கக் கைகள் சேர்வதும் பிரிவதுமாக, தொடாமல், வாயை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கயிற்றை இழுத்த அந்தப் பெண் பெல்ட்டைத் துடைத்தபடியே அழுதாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

சத்தம் இருந்தவரை அதைப் பற்றிப் புகாராவது சொல்லலாம். சத்தமில்லாத கைதட்டை எங்கே போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு கயிறு இழுபடவில்லை. ஒரு மாதம் முழுக்க, ஒரே ஒரு தடவைகூட இல்லை. கயிற்றில் தூசி படிந்தது. பெரியக்கா அதைத் துடைக்கலாமா என்று ஒரு நாள் நினைத்தாள். தொட்டால் எங்கே இழுபட்டுவிடுமோ என்று விட்டுவிட்டாள்.

மாதத்தின் கடைசி நாள். லாரி பின் முற்றத்தில் வந்து நின்று, பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. தங்கை நிரப்பும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். பெரியக்கா அவளுக்கு நேர் பின்னால், கயிற்றுக்குக் கீழேயே நின்றிருந்தாள். மேனேஜர் லைன் முனையில் யாரிடமோ மகள் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

பட்டென்று சத்தம். சின்னச் சத்தமில்லை. பாட்டில் இரண்டாகப் பிளக்கவில்லை, நொறுங்கிவிட்டது. தங்கையின் கையுறை மேலேயே சில்லுகள் மினுமினுத்தன. அவள் தலையைத் தூக்கிக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

பெரியக்காவும் அண்ணாந்து பார்த்தாள். கயிறு தலைக்கு மேலேதான் இருந்தது. கையைத் தூக்கினால் போதும். எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிவிட்டார்கள். இரண்டு பேரின் கை ஏற்கெனவே மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு, முகம் நிறைய அன்போடு இந்தப் பக்கம் பார்த்தார். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நொடியும் ஒரு பாட்டில் நகர்ந்து போய் மூடி வாங்கிக்கொண்டது.

பெரியக்காவின் கை எழவில்லை. அவள் முகவாயை லேசாக அசைத்தாள், எடு என்று.

தங்கை அக்காவிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு குனிந்து, உடைந்ததை வாரி எடுத்தாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எடுத்திருக்க வேண்டிய மீதிப் பத்தும் போய்விட்டன. எதிர்ப்பக்கத்துக் கைகள் இறங்கின. மேனேஜர் மறுபடி மகள் படிப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

பெரியக்கா மூடி திருகும் இடத்துக்கு ஓடினாள். அங்கிருந்து பெட்டி கட்டும் மேசைக்கு ஓடினாள். பாட்டில்கள் ஒன்றைப் போல் ஒன்று, பழுப்பாக, பளபளவென்று, நூற்றுக்கணக்கில் நின்றன. எது அந்தப் பத்து? ஒன்றை எடுத்து விளக்குக்கு முன் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். பெட்டி கட்டுகிறவள், "என்னக்கா தேடுறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றாள் பெரியக்கா. அவள் வைத்த பாட்டிலை எடுத்து அந்தப் பெண் பெட்டிக்குள் அடுக்கினாள்.

இதற்கு மேல் தாங்காது, சொல்லிவிடுவோம், லாரியை நிறுத்தச் சொல்வோம் என்று மேனேஜர் அறைக்கு நடந்தாள். அதற்குள் அவர் அங்கே போயிருந்தார். போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், நின்றபடி. உட்கார நாற்காலி பின்னாலேயே இருந்தும் நின்றுகொண்டிருந்தார், சட்டையின் முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது. இவளைக் கண்டதும் கண்கள் மலர்ந்தன.

"ஆமாங்க சார், ஒரு மாசமா நிக்கவே இல்லைங்க சார். இதோ, சூப்பர்வைசரே வந்துட்டாங்க. இருங்க, அவங்களுக்கும் கேக்குற மாதிரி வைக்கிறேன்." போனை மேசைமேல் வைத்து, "தலைமை ஆபீஸ்" என்று இவளிடம் வாயை மட்டும் அசைத்துச் சொன்னார்.

போனுக்குள்ளிருந்து கைதட்டு வந்தது. ஒருவர் இருவர் அல்ல, ஒரு பெரிய அறை நிறைய ஆட்கள் தட்டுகிற சத்தம். போன மாதம் லைன் நின்ற கணக்குக்கு இந்த மனிதருக்கு அந்த அறையில் எப்படிப்பட்ட கைதட்டு கிடைத்திருக்கும் என்று பெரியக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, உயிர் திரும்பி வந்தவர் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா, ஏதாவது சொல்லுங்க" என்றது போன்.

வாய் வரை வந்தது. லாரியின் பின்கதவை அறைந்து மூடும் ஓசை கேட்டது. மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"நன்றிங்க" என்றாள்.

வெளியே வந்தபோது முற்றம் காலியாக இருந்தது. கேட்டில் காவலாளி லாரிக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் ஆளுக்கு ஒரு பாட்டில் மருந்து இனாமாகக் கொடுப்பார்கள். அக்காவும் தங்கையும் பையில் ஆளுக்கு ஒன்றோடு வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே மகள் இருமுகிற சத்தம் கேட்டது.

"மத்தியானத்துலேருந்து இப்படித்தான் லொக்கு லொக்குன்னு. நல்ல வேளை, மருந்து கொண்டு வந்திருக்கீங்க" என்றார் கணவர். பையிலிருந்து அவரே பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகப்போனார்.

பெரியக்கா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"என்னாச்சு உனக்கு? உங்க கம்பெனி மருந்துதானே?"

அவள் நேரே அடுக்களைக்குப் போனாள். அலமாரியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள், இரண்டாக மடித்தாள், கிண்ணத்தின் மேல் விரித்தாள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாகு போன்ற மருந்து, சீக்கிரம் இறங்கவில்லை. முழுப் பாட்டிலும் இறங்கும் வரை நின்றாள். பிறகு துணியை விளக்கருகே கொண்டுபோய் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சிவப்புக் கறை மட்டும்தான் இருந்தது.

தங்கை பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"இதுல இல்ல" என்றாள் பெரியக்கா.

"இதுல இல்ல" என்றாள் தங்கையும். தானும் அந்தத் துணியை ஒரு முறை தடவிப் பார்த்தாள். "எல்லார் வீட்டுலயும் வடிகட்டிக் கொடுப்பாங்களாக்கா?"

பெரியக்கா துணியை மறுபடி விளக்கருகே கொண்டுபோனாள். நாளைக்குப் போய்ச் சொல்லலாம். யாரிடம் சொல்வது? எந்த ஊர், எந்தக் கடை, எந்தப் பெட்டி? "ஏன் அப்பவே இழுக்கல, யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?" என்று கேட்பார்கள். யாரும் சொல்லவில்லை.

மகள் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பெரியக்கா ஒரு கரண்டி ஊற்றினாள். கசப்பைச் சகித்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், குழந்தை முழுதாக விழுங்கிவிட்டது. பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் சமத்தா குடிச்சேன்ல? ஏன் யாரும் கைதட்டல?"

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள், கயிற்றடியில் பார்த்த அதே பார்வை. பெரியக்கா துணியைக் கீழே வைத்தாள். மருந்து பிசுபிசுத்த இரண்டு கையும் மார்பு உயரத்துக்குத் தாமாக எழுந்து வந்தன, ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. அவற்றை இறக்கவும் அவளால் முடியவில்லை. குழந்தை காத்துக்கொண்டிருந்தது.